பிரம்பு யார் கையில்? பழமைவாதியும் சுதந்திரவாதியும் திருமலையில் சேர்ந்து நிற்கக்கூடிய இடம்

திருமலை என்று நாம் சொல்லும் திருகோணமலையில் லிபர்டேரியன், அதாவது தனிமனித சுதந்திரவாதி, என்று பெயர்ப்பலகை மாட்டிய கட்சி கிடையாது. ஆனால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு பேர்மிட்டுக்காக மேசை மேசையாக அலைந்துவிட்டு வெளியே வருகிற எவரையும் நிறுத்திக் கேட்டுப்பாருங்கள். "அரசாங்கம் எங்களைச் சும்மா விட்டாலே போதும், நாங்கள் பிழைச்சுக்கொள்ளுவம்" என்பார். அதே மனிதர் பின்னேரம் கோயில் பொதுக்கூட்டத்தில் எழும்பி, கடற்கரையில் சோடி சோடியாக இருக்கிற பிள்ளைகளைப் பொலிஸ் பிடித்து எச்சரிக்க வேண்டும் என்றும் பேசுவார். இதை இரட்டை வேடம் என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலக அரசியலில் எழுபது வருடமாக இழுபறிப்படுகிற ஒரு கூட்டணி, இங்கே ஒரே ஆளுக்குள் குடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டணியில் இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் பண்பாட்டுப் பழமைவாதி. குடும்பம், சமயம், ஊர் வழக்கம் என்பவை பல தலைமுறை சேர்ந்து கட்டியவை, உடைத்தால் திரும்பக் கட்ட முடியாது, ஆகவே சட்டம் அவற்றுக்குக் காவல் நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். மற்றவர் தனிமனித சுதந்திரவாதி. என் உடம்பு, என் சொத்து, என் மனச்சாட்சி மூன்றிலும் அயலவனுக்கும் உரிமையில்லை, அரசுக்கும் உரிமையில்லை. நான் இன்னொருவருக்குக் கேடு செய்தால் மட்டும் சட்டம் வரட்டும் என்பார். வரி, வியாபாரக் கட்டுப்பாடு, அரச காணி என்று பேச்சு வந்தால் இருவரும் ஒரே பக்கம் சாய்வதைப் பார்க்கலாம். குடி, கலியாணம், உடுப்பு என்று வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இந்த இருவரையும் ஒரு கூரைக்குள் கொண்டுவரும் வேலையை அமெரிக்காவில் தொடங்கியவர்கள், 1955 இல் வில்லியம் பக்லி ஆரம்பித்த நேஷனல் ரிவ்யூ இதழைச் சுற்றி இருந்தவர்கள். அவர்களில் ஃபிராங்க் மேயர் என்பவர், ஒருகாலத்துக் கம்யூனிஸ்ட், கூட்டணிக்கு ஒரு தத்துவமே எழுதிக் கொடுத்தார். நல்லொழுக்கம்தான் வாழ்க்கையின் நோக்கம், அதில் பழமைவாதி சொல்வது சரி. ஆனால் வற்புறுத்தலால் வந்த ஒழுக்கம் ஒழுக்கமே அல்ல, ஆகவே அரசியலின் நோக்கம் சுதந்திரம், அதில் சுதந்திரவாதி சொல்வது சரி. சிறை காக்கும் காப்பால் என்ன பயன், நிறை காக்கும் காப்பே பெரிது என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த நமக்கு மேயரின் வாதம் புதிதாகப் படாது. அங்கேயும் இது எல்லாருக்கும் இனித்துவிடவில்லை. சுதந்திரவாதிகள் கொண்டாடும் பொருளியலாளர் ஹயெக், தான் ஏன் பழமைவாதி அல்ல என்று 1960 இலேயே விளக்கி எழுதினார். மறுபக்கத்தில் பழமைவாத எழுத்தாளர் ரஸ்ஸல் கிர்க் சுதந்திரவாதிகளைக் கடைசிவரை ஏளனம்தான் செய்தார். ஆனாலும் பழமைவாதத்தின் உயிரே லிபர்டேரியனிசம்தான் என்று 1975 இல் ஒரு பேட்டியில், பின்னாளில் ஜனாதிபதியான றேகன் சொல்கிற அளவுக்கு அது வேலை செய்தது. ஒட்டிவைத்த பசை சோவியத் ஒன்றியம் என்ற பொது எதிரி. 1991 இல் எதிரி போனதும் பசையும் காயத் தொடங்கிவிட்டது.

நமக்குக் கிட்டிய உதாரணம் ராஜாஜி. 1959 இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யத்தை ஒழிப்போம் என்று புறப்பட்டது. மினு மசானி போன்ற பம்பாய் லிபரல்களும், கூட்டுப்பண்ணைத் திட்டத்தைக் கண்டு மிரண்ட காணிக்காரரும், சமயப்பற்றுள்ள ராஜாஜியும் ஒரே மேடையில் நின்றார்கள். 1967 இல் மக்களவையில் 44 இடம் பிடித்தார்கள். அப்படிப்பட்ட ராஜாஜிதான் 1937 இல் சென்னை மாகாண முதல்வராக சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். 1953 இல், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று திட்டம் போட்டு, குலக்கல்வி என்ற எதிர்ப்பில் பதவியையே இழந்தவரும் அவர்தான். 1971 இல் தி.மு.க. அரசு மதுவிலக்கை நிறுத்தப் போகிறது என்றதும், தொண்ணூறு வயது தாண்டிய நிலையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார். ஆலைக்காரனுக்கும் அரிசி வியாபாரிக்கும் அரசின் பேர்மிட் தேவைப்படக்கூடாது என்றவருக்கு, குடிகாரனுக்கு அரசு "இல்லை" என்று சொல்வதில் எந்த முரணும் தெரியவில்லை. எனக்கு ராஜாஜி மேல் மரியாதை உண்டு. ஆனால் அவருடைய கதை ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: நாற்காலியில் இருக்கும் பழமைவாதிக்குச் சுதந்திரவாதியின் துணை தேவைப்படுவதில்லை. நாற்காலி போனபிறகுதான் தேவைப்படுகிறது.

திருமலையில் நாற்காலி நமக்கு நிரந்தரமில்லை. "நமக்கு" என்று நான் சொல்வது தமிழரை மட்டுமல்ல. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் முஸ்லிம்கள் 40 வீதமளவு, தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதமளவு. மாவட்டத்தில் எவருக்கும் பாதி இல்லை. கொழும்பில் எவரிடம் பெரும்பான்மை என்பது ஊரறிந்த விஷயம். ஒழுக்கத்தைக் காக்க அரசின் கையில் ஒரு பிரம்பைக் கொடுத்தால், அதை நாளைக்கு எவர் எடுத்து எவர் முதுகில் வைப்பார் என்று இந்த ஊர்ப் பழமைவாதியால் சொல்லவே முடியாது. ஆகவே இந்த இருவரும் எது நல்லது என்பதில் ஒத்துப்போகத் தேவையில்லை. எவர் தீர்மானிப்பது என்பதில் ஒத்துப்போனால் போதும்.

மதமாற்றத் தடையை எடுத்துக்கொள்வோம். வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதைக் குற்றமாக்கும் சட்டமூலத்தை 2004 இல் பௌத்த பிக்குகள் முன்னின்ற சிங்களக் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்றது, சட்டமூலம் சட்டமாகவில்லை. அந்த நேரத்திலும் இன்றும், இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்கிற சைவ அன்பர்கள் திருமலையில் ஏராளம். அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். 2005 மே மாதம் நகரச் சந்தைப் பக்கம் இரவோடிரவாகப் புத்தர் சிலை வந்தபோது ஊரே ஹர்த்தாலில் முடங்கியது. 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுகளை முகாமைத்துவம் செய்ய ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவராக இருந்தார். தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிறவர்கள் தொல்லியல் திணைக்களத்தின் பலகையைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது, பக்கத்துப் பிள்ளையார் கோயில் இடத்துக்கு 2019 இல் பெரிய போராட்டமே நடந்தது. சமய விஷயத்தில் அரசு தலையிடலாம் என்ற கதவை மதமாற்றத்துக்காகத் திறந்தால், அதே கதவால் கன்னியாவுக்கும் ஆள் வரும். சுதந்திரவாதி இதைக் கொள்கையாகச் சொல்வார். பழமைவாதி தன் கோயிலின் பாதுகாப்புக்காகச் சொல்லலாம். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையில் மனச்சாட்சிச் சுதந்திரம் ஒருவித விலக்கும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. இருவருக்கும் பிடிமானம் அதுதான்.

பாடசாலை விஷயம் இன்னும் சிக்கல். 2018 ஏப்ரலில் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்ற நீள அங்கி அணிந்து வந்ததும், சேலைதான் இந்தப் பாடசாலையின் வழக்கம் என்று பெற்றோரும் பழைய மாணவிகளும் வீதியில் இறங்கியதும் இலங்கை முழுக்கத் தெரிந்த கதை. ஆசிரியைகள் இடம் மாற்றப்பட்டார்கள். அவர்களை அபாயாவோடு கடமை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு பரிந்துரைத்தது. 2022 இல் மறுபடி குழப்பம். பத்திரிகைகள் இதைத் தமிழர் முஸ்லிம் சண்டையாக எழுதின, சிலர் பழமைக்கும் நவீனத்துக்குமான சண்டையாக எழுதினார்கள். இரண்டும் பாதி உண்மை. வாசலின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் பழமைவாதிகள். என் மரபு, என் மானம் என்ற அதே வாதத்தைத்தான் இரு தரப்பும் வைத்தது.

இந்த முடிச்சு விழுந்த இடம் 1960. அந்த ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. திருமலையில் சைவப் பிள்ளைகளுக்கென்று ஊரார் காணி கொடுத்து, காசு சேர்த்து, ராமகிருஷ்ண மிஷன் போன்றவை பொறுப்பேற்று நடத்திய பாடசாலைகள் இருந்தன. விபுலானந்த அடிகளே கோணேஸ்வரா இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்திருக்கிறார். ஊரின் பாடசாலை அரசின் பாடசாலையாகிவிட்டால், அதன் ஊழியர்கள் அரச ஊழியர்கள். அவர்களின் உடுப்பு அடிப்படை உரிமைப் பிரச்சினை. பெயர்ப்பலகையில் "இந்து" இருக்கும், உரிமை இருக்காது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: 1961 சட்டத்தின்படி ஐந்து தொடக்கம் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க முடியாது. சர்வதேசப் பாடசாலை என்று இன்று மூலைக்கு மூலை இருப்பவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்தவை. அதாவது சமயமும் தாய்மொழியும் சொல்லிக்கொடுக்க ஒரு சைவச் சபையோ பள்ளிவாசல் நிர்வாகமோ பாடசாலை தொடங்கக் கதவு மூடியிருக்கிறது. இங்கிலீசில் லாபத்துக்குத் தொடங்க ஜன்னல் திறந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஒறிகன் மாநிலம் 1922 இல் இதைவிடக் கடுமையாக, எல்லாப் பிள்ளைகளும் அரச பாடசாலைக்கே போகவேண்டும் என்று சட்டம் போட்டது. கத்தோலிக்கப் பாடசாலைகளை மூடுவதே உள்நோக்கம், கு கிளக்ஸ் கிளான் அதற்கு முழு ஆதரவு. 1925 இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. பிள்ளை அரசின் படைப்பு அல்ல என்ற கருத்தில் வந்த அந்தத் தீர்ப்பைக் கன்னியாஸ்திரிகளும் சுதந்திரவாதிகளும் இன்றுவரை ஒரே குரலில் மேற்கோள் காட்டுகிறார்கள். இங்கேயும் அந்த இடத்தில் இருவரும் சேரலாம். சபைகளும் ஜமாஅத்துகளும் தங்கள் செலவில் பாடசாலை நடத்தட்டும், அங்கே சேலையா அபாயாவா என்று அவை சொல்லட்டும், வரிப்பணத்தில் நடக்கும் பாடசாலையில் மட்டும் ஆசிரியையின் உடுப்பில் எவரும் கைவைக்கக்கூடாது என்று. சண்முகாவின் பழைய மாணவிகள் இதில் தங்களுக்குத் தோல்வி என்பார்கள். நான் மறுக்கமாட்டேன். அரசு எடுத்துக்கொண்ட ஒன்றை ஊரின் சொத்துப்போல நடத்தச் சொல்லிச் சட்டத்தில் இன்று வாதாட முடியாது.

எதிர்பாராமல் உடன்பாடு வந்த இடமும் உண்டு. கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 இல் அரசு விதித்தது. நோய்க்கிருமி நிலத்தடி நீரில் கலக்கும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதைக் கேட்கவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானி மாறியது, அதன்பிறகும் ஜனாஸாக்களை (சடலங்களை) மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. அதே மாதத் தொடக்கத்தில் திருமலை வழியாகப் போன பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணியில், கோயில் காணிப் பிரச்சினையும் கட்டாயத் தகனமும் ஒரே பதாகை வரிசையில் வந்தன. நெற்றியில் திருநீறோடு வந்தவர்கள் முஸ்லிம்களின் ஜனாஸாக்களுக்காகக் கோஷம் போட்டார்கள். சுதந்திரவாதிக்கு அது உடம்பின் மேல் உள்ள உரிமை, பழமைவாதிக்கு அது சடங்கின் புனிதம். வாதம் வேறு, முடிவு ஒன்று.

சாவு வீட்டைப் பற்றிப் பேசும்போது சுதந்திரவாதிக்கும் ஒரு வார்த்தை. தனிமனிதன், தனிமனிதன் என்று அவர் அழுத்திச் சொல்லும்போது, இந்த மாவட்டத்து மரண உதவிச் சங்கம் ஒன்றின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது நல்லது. வீட்டுக்கு வீடு மாதச் சந்தா, பக்கத்துக்கு ஒரு பெயர், கட்டாத மாதத்துக்குச் சிவப்பு மையில் கோடு. சாவு விழுந்தால் பந்தலும் பிளாஸ்டிக் கதிரைகளும் தேத்தண்ணிப் பானையும் சொல்லாமலே வந்து இறங்கும், பெட்டிக்கும் ஒரு தொகை கைக்கு வரும். எந்த அமைச்சும் இதை நடத்தவில்லை, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அரசில்லாமல் மனிதர் வாழலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி சுதந்திரவாதிக்குக் கிடைக்காது. ஆனால் அந்தச் சங்கம் ஓடுவது ஒப்பந்தத்தின் பலத்தில் அல்ல. இன்னாரின் பிள்ளை சந்தா கட்டவில்லை என்று ஊர் கதைக்கும் என்ற பயத்தில் ஓடுகிறது. அந்தக் கதையையும் பயத்தையும்தான் அவர் மற்ற நாட்களில் சமூக அழுத்தம் என்று திட்டுகிறார். அரசு விலகிய இடத்தை நிரப்புவது கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சங்கம் என்பதை அவர் மனதார ஒப்புக்கொள்ளாதவரை, பழமைவாதி அவரை நம்பப்போவதில்லை.

காணியில் இருவருக்கும் பேச நிறைய இருக்கிறது. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களில் கிடைத்தவை பேர்மிட் காணி. 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதற்குத் தலைவிதி எழுதியது: அனுமதியில்லாமல் விற்கக்கூடாது, நினைத்தபடி துண்டாடக்கூடாது. ஏழைக் கமக்காரன் கடனில் காணியை இழந்துவிடுவான் என்ற அக்கறையில் செய்தது, பழமைவாத அக்கறைதான். ஆனால் பின்னுரித்து, அதாவது வாரிசு, எழுதாமல் ஒருவர் இறந்தால், அட்டவணையில் ஆண் பிள்ளைக்கு முதலிடம், பெண் பிள்ளை பிறகு. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வழக்கம் நேர்மாறு, வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மருமகன் அந்த வீட்டுக்கு வருவான். தாய்வழி வீட்டு முறை தலைமுறை தலைமுறையாக இருந்த ஊரில், மரபைக் காக்க வந்த சட்டமே மரபை மிதித்தது. 2022 திருத்தத்தோடுதான் ஆண் முன்னுரிமை நீங்கியது. உறுதிக் காணியாக, அதாவது முழு உரிமையோடு, கொடு, யாருக்குக் கொடுப்பது என்பதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பதில் இரு தரப்புக்கும் ஒரு முரணும் இல்லை.

முரண் அடுத்த நாள் வரும். உறுதி கைக்கு வந்ததும் வெளியாளுக்கு விற்றால்? திருமலையில் "வெளியாள்" என்ற சொல்லின் பாரம் எல்லாருக்கும் தெரியும். ஊரின் முகமே மாறிப்போகும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. என் காணி, என் விலை என்பார் சுதந்திரவாதி. இங்கே நம்முடைய பழைய சட்டத்திலேயே ஒரு நடுவழி கிடக்கிறது. தேசவழமை என்ற வழக்குச் சட்டத்தின் முன்வாங்கல் உரிமை, 1947 இன் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இன்றும் இருக்கிறது. விற்க நினைப்பவர் கூட்டுரிமையாளருக்கும் வாரிசு உறவுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அவர்கள் காசை வைத்தால் வாங்கலாம், வைக்காவிட்டால் எவருக்கும் விற்கலாம். தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கு உரியது, திருமலைக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் இதே ஏற்பாட்டை ஒரு குடும்பமோ ஊர்ச்சங்கமோ தானாக எழுதிக்கொள்வதை எவர் தடுக்கிறார்? ஊர் முகம் மாறக்கூடாது என்றால் ஊர் காசு சேர்க்கட்டும். பேச்சோடு நிற்கிற பாசத்துக்கு இது கொஞ்சம் செலவு வைக்கும்.

சாராயத்தில் ராஜாஜியின் பிரச்சினை அப்படியே திரும்பி வருகிறது. 2024 தேர்தலில் வடக்கு கிழக்கு முழுக்க "பார் பெர்மிட்" என்ற பேச்சாகவே இருந்தது. ஆதரவுக்குக் கைமாறாக அனுமதிப்பத்திரமா என்று மேடைக்கு மேடை கேட்டார்கள். பார் வேண்டாம் என்ற பழமைவாதிக்கும், அமைச்சர் பெர்மிட் கொடுக்கிற முறையே வேண்டாம் என்ற சுதந்திரவாதிக்கும் எதிரி ஒருவரே. 1920களில் இந்த நாட்டிலேயே ஊரார் வாக்களித்துத் தவறணையை (மதுக்கடையை) மூடும் முறை இருந்தது, யாழ்ப்பாணத்தில் பல தவறணைகள் அப்படி மூடப்பட்டன. பெரும்பான்மை ஏன் என் கிளாசைத் தீர்மானிக்க வேண்டும் என்று சுதந்திரவாதி முணுமுணுப்பார், நியாயம்தான். கொழும்பில் ஒரு கையெழுத்து தீர்மானிப்பதைவிட இது அவருக்கும் மேல். முழுத் தடை மட்டும் இருவருக்கும் நட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சும் கசிப்புக்காரனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் இல்லை. பெண்கள் மதுபானம் வாங்கக்கூடாது என்ற 1979 விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி அதை மீளக் கொண்டுவரச் செய்த கூத்தும் நினைவிருக்கட்டும். அதை ஒழுக்கம் என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

கலியாணத்தில்தான் உடன்படிக்கை முறியும். அமெரிக்காவில் ஒரே பாலினத்தவரின் கலியாணத்தை அனுமதித்த 2015 தீர்ப்புக்குப் பிறகு அலபாமா மாநிலத்தில் சில நீதிபதிகள் மனச்சாட்சியைக் காட்டி எவருக்குமே திருமண அனுமதிப்பத்திரம் கொடுக்க மறுத்தார்கள். 2019 இல் மாநிலம் அனுமதிப்பத்திரத்தையே எடுத்துவிட்டது. சோடிகள் ஒப்பமிட்ட படிவத்தைக் கொடுப்பார்கள், அலுவலகம் பதிந்துகொள்ளும். அரசு கலியாணத்துக்கு "அனுமதி" கொடுக்கக்கூடாது என்ற சுதந்திரவாதியின் பழைய கோரிக்கை, பழமைவாதியின் சங்கடத்தால் நிறைவேறியது. இலங்கையில் நிலைமை மறுகரை. இரண்டு முஸ்லிம்கள் மணமுடிப்பதானால் 1951 முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழேதான் முடிக்க வேண்டும், பொது விவாகப் பதிவுக்குப் போக முடியாது. அந்தச் சட்டப் பதிவில் மணமகளின் கையொப்பம் தேவையில்லை. தமிழர் தரப்பும் மார்தட்ட வேண்டாம்: தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911 இன் சட்டம் விதித்தது.

இதில் சுதந்திரவாதி கேட்பது, முஸ்லிம்களின் காதி நீதிமன்றத்தை மூடு, தேசவழமையை ஒழி என்பது அல்ல, அப்படிக் கேட்பவர் வேறு ஆள். விரும்புகிறவர் அதற்குள் இருக்கட்டும், விரும்பாதவர் பொதுச் சட்டத்துக்குப் போக வாசல் இருக்கட்டும் என்கிறார். அதைப் பழமைவாதி ஏற்றுக்கொண்டால், அரசு தன் வழக்கத்தில் கைவைக்கக்கூடாது என்று கேட்கும் அவருடைய குரலுக்கு வலு வரும். ஏற்றுக்கொள்வதென்றால் வீட்டுக்குள்ளும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது தாண்டிய மகள் வேறு சமயத்துப் பொடியனோடு போய்விட்டால், தகப்பன் அவளோடு கதைக்காமல் விடலாம், கலியாணத்துக்குப் போகாமல் விடலாம், சீதன வீட்டை இளையவளுக்கு எழுதலாம், கோயில் சபை அவளை உபயகாரர் பட்டியலிலிருந்து எடுக்கலாம். பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கடத்திவிட்டார்கள் என்று பொய் முறைப்பாடு எழுதி, இன்ஸ்பெக்டரைக் கொண்டு இழுத்துவரச் செய்வது மட்டும் கூடாது.